உன் புத்தகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு

அச்சுக்குப் போவதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய பிரதியை நேற்று மதியம் வேலை இடத்தில் திறந்தேன். முதல் பக்கத்தில் தலைப்பு, அடுத்ததில் பதிப்பக விவரம், அதற்கடுத்ததில் நான். வெள்ளைப் பக்கத்தின் நடுவில் என் முழுப் பெயர். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: ஒவ்வொரு பக்கத்தையும் எனக்காகப் புரட்டிய அம்மாவுக்கு. வேறொரு தாய் என்றால் அழுதிருப்பாள். நானும் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கோபம் வந்தது. சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: என் பெயரை எடுத்துவிடு. நீ ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பி, "டோன்ட் பீ ஷை, அம்மா" என்று எழுதியிருந்தாய். வெட்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாய். இல்லை, தம்பி. வாழ்க்கையில் எத்தனையோ விஷயங்களை வெட்கத்தால் சொல்லாமல் விட்டவள் நான். இதை வெட்கத்தால் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நீ திருத்தங்களை அனுப்ப வேண்டும். அதற்கு முதல் நாள் கான்பராவுக்குப் புறப்படுகிறாய். வான்வழிப் போரைப் பற்றி ஆராய்கிறவர்களோடு உனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வருவாய். அப்போது நேரில் சொல்லலாமே என்று உன் அப்பா கேட்டார். என்னால் முடியாது. உன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரைப் பார்க்கப் போகும் நாட்களில் அப்பா கதைப்பார், நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உனக்கு நினைவிருக்கும். ஆகவே எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உன்னை இழுத்துக்கொண்டு போனது இதற்குப் பயன்படட்டும். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். அது நல்லது. இதை மெதுவாகத்தான் வாசிக்க வேண்டும். நம் தமிழ்ச் சங்கத்தின் இதழுக்கும் இதைக் கொடுக்கப் போகிறேன். என் பெயரைப் போடமாட்டேன். அன்றைக்கு நீ பேசிய மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் யாரென்று தெரிந்துவிடும், தெரியட்டும். இதில் பாதி அவர்களுக்கும் உரியது.

உன் புத்தகத்தின் ஆட்களை, அந்த முதல் விமானப்படைக்காரர்களை, நான் எப்படி அறிந்துகொண்டேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நூலகத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில் என் வேலை. யாராவது கேட்ட பழைய பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவது. நடுவில் பள்ளமாக இருக்கும் தாங்கியில் புத்தகத்தை வைத்து, முதுகு உடையாமல் விரித்து, கண்ணாடியை இறக்கி, படமெடுத்து, கண்ணாடியை ஏற்றி, பக்கத்தைப் புரட்ட வேண்டும். வாசிக்கத் தேவையில்லை. வாசித்தால் வேலை ஓடாது என்று பக்கத்து மேசை லிண்டா எனக்கு முதல் நாளே சொன்னாள். இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் போன வருடம் வந்த கோரிக்கைகளில் உன் பெயர் இருந்தது. நூறு வருடத்துக்கு முந்திய சிறு பிரசுரங்கள், படைவீரர் சஞ்சிகைகள், அதிகாரிகளின் உரைகள். ஓரம் பொடிந்து கையில் ஒட்டும் தாள்கள். என் பிள்ளை என்ன படிக்கிறான் என்று பார்க்கும் ஆசையில் வாசித்தேன். அந்த அறையில் நான் வாசித்த முதல் பக்கங்கள் அவை.

உண்மையைச் சொல்கிறேன்: முதலில் அந்த மனிதர்களை எனக்குப் பிடித்தது. தரைப்படைக்காரர்கள் விமானத்தை ஒரு உயரமான ஏணி போலத்தான் பார்த்தார்கள். ஏறி நின்று எதிரி எங்கே என்று பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள். கடற்படைக்காரர்கள் தங்கள் கப்பலுக்கு எடுபிடி வேலை செய்ய வைத்தார்கள். பறக்கத் தெரிந்தவனுக்குப் பறந்தே பார்க்காதவன் கட்டளை போட்டான். எங்களுக்கென்று ஒரு தலைவர் வேண்டும், எங்களுக்கென்று ஒரு சீருடை வேண்டும், எங்களைத் தனியாக விடுங்கள் என்று அவர்கள் எழுதி எழுதிக் கேட்டார்கள். ஒருவர் மேலதிகாரிகளைத் திட்டி எழுதியதால் சிறைக்கே போனார் என்று நீதான் சொன்னாய். பத்துப் பேர் இருந்த வீட்டில் எல்லோருக்கும் இளையவளாய், எல்லோருடைய பேச்சையும் கேட்டு வளர்ந்தவள் நான். தனியாக நிற்கத் துடிப்பவர்களைக் கண்டால் என் மனம் அவர்கள் பக்கம்தான் சாயும். லிண்டாவிடம் கூடச் சொன்னேன். "பாவம், யாரும் அவர்கள் சொல்வதைக் கேட்கவில்லை" என்றேன். அவள் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள். நானாக வாய் திறந்து அவளிடம் பேசிய முதல் விஷயம் அதுவாக இருந்திருக்கும்.

பிறகு பக்கத்தைப் புரட்டினேன். தனி விமானப்படை ஏன் வேண்டும் என்று அவர்கள் காரணம் சொல்லும் இடம் வந்தது. விமானம் தரைப்படைக்கு உதவி செய்வது மட்டும்தான் என்றால், அது தரைப்படைக்குள்ளேயே இருந்துவிடலாம். தனியாக இருக்க வேண்டுமென்றால், வேறு யாராலும் செய்ய முடியாத ஒரு வேலை அதற்கு வேண்டும். அப்படி ஒரு வேலையை அவர்கள் தேடினார்கள், கண்டும் பிடித்தார்கள். போர்முனையைத் தாண்டிப் பறந்து போய், பின்னால் இருக்கும் நகரத்தைத் தாக்குவது. தொழிற்சாலையை, ரயில் நிலையத்தை, அதைச் சுற்றியிருக்கும் வீடுகளை. வீட்டிலிருக்கும் சனங்கள் பயந்து, மனம் உடைந்து, போரை நிறுத்துங்கள் என்று தங்கள் அரசாங்கத்திடம் கெஞ்சுவார்கள். போர் சீக்கிரம் முடியும். அதனால் இதுதான் இரக்கமான வழி என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். நீயே இதை உன் முதல் அத்தியாயத்தில் அழகாக எழுதியிருக்கிறாய்: தனிப் படைக்குத் தனி இலக்கு தேவைப்பட்டது என்று. எவ்வளவு நேர்த்தியான வசனம். அந்தத் தனி இலக்கு யார் என்று அந்த வசனத்தில் இல்லை. தாங்கியின் முன்னால் நின்றுகொண்டு நான் அதைத்தான் வாசித்தேன். அது நான். பதினைந்து வயதில் பதுங்குகுழிக்குள் இருந்த நான். என்னைச் சுட்டிக்காட்டித்தான் அவர்கள் தங்களுக்குத் தனிச் சீருடை கேட்டிருக்கிறார்கள்.

அதன்பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியை இறக்கினேன். படமெடுத்தேன். விரல் நிழல் விழவில்லையா என்று பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை மறுபடி நேராக எடுத்தேன். கோப்புக்குப் பெயர் வைத்து உனக்கு அனுப்பினேன். "லெஜெண்ட், அம்மா!" என்று நீ பதில் போட்டாய், கூடவே ஒரு சிவப்பு இதயம். இதைத்தான் நீ உன் புத்தகத்தின் முகப்பில் போட்டு என்னைப் பாராட்டியிருக்கிறாய். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிய அம்மா. ஆம், புரட்டினேன். வாயைத் திறக்காமல் புரட்டினேன்.

இனி நீ பேசிய மல்கிரேவ் மண்டபத்துக்கு வருகிறேன். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உன்னைப் பேச அழைத்தார்கள். முன்வரிசையில் எனக்கும் அப்பாவுக்கும் கதிரை. தலைவர் அங்கிள் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கட பெடியன் விமானப்படைக்கே புத்தி சொல்லப் போறான், பாருங்கோ" என்று அறிமுகம் செய்தார். நீ இரண்டு வரி தமிழில் பேசி, அதற்கே ஒரு கைதட்டல் வாங்கிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினாய். முதன்முதலில் விமானத்திலிருந்து குண்டு போட்டவர்களிடம் அதற்கென்று எந்தக் கருவியும் இருக்கவில்லை, மடியில் வைத்திருந்து கையால்தான் எறிந்தார்கள் என்று சொல்லி, எப்படி எறிந்திருப்பார்கள் என்று கையை வீசிக் காட்டினாய். மண்டபம் சிரித்தது. எனக்குப் பக்கத்திலிருந்த மலர் அன்ரி சிரித்துச் சிரித்து என் தொடையில் தட்டினா. கிளென் வேவர்லியில் இரண்டு மாடி வீட்டில் இருக்கும் இந்த மலர் அன்ரியின் தாய் வீட்டுக் கூரை எப்படிப் போனது என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அவவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தா.

"என்னடி, இவன் வெள்ளைக்காரன் மாதிரியெல்லோ கதைக்கிறான்!"

"ஓம் அன்ரி."

"எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை. ஆனா கேக்க நல்லாயிருக்கு. என்ன, பிளேனைப் பற்றியோ சொல்லுறான்?"

"ஓம் அன்ரி. பிளேனைப் பற்றித்தான்."

"கெட்டிக்காரன். உன்னை மாதிரி வாய் பேசாததுக்கு இப்பிடி ஒரு பிள்ளை."

பிறகு நீ அந்தச் சொல்லைச் சொன்னாய். மொறால். குடிமக்களின் மொறால், அதாவது அவர்களின் மனஉறுதி, ஒரு புதிய இலக்காக அடையாளம் காணப்பட்டது என்றாய். திரையில் ஒரு படம் போட்டாய்: வட்டங்கள், அம்புகள், நடுவில் அந்தச் சொல். அடுத்த படத்தில், போர் முடிந்ததும் அந்தப் புதிய படையைக் கலைத்துத் திரும்பவும் தரைப்படைக்குள்ளும் கடற்படைக்குள்ளும் சேர்த்துவிடப் பார்த்தார்கள் என்றும், அப்போது குடியேற்ற நாடுகளில் கலகம் செய்த கிராமங்களை ஆள்பலம் இல்லாமல் மேலேயிருந்தே அடக்கிக் காட்டித்தான் அது தன் தனித்தன்மையைக் காப்பாற்றிக்கொண்டது என்றும் சொன்னாய். ஒரு வெற்றிகரமான தற்காப்பு என்றாய். ஒரு நிறுவனம் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட கதையாக அதைச் சொன்னாய். கீழே இருந்த கிராமத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் முற்றத்தில் பதுங்குகுழி வெட்டி வாழ்ந்தவர்கள், தம்பி. விமானச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கை வேலையை ஒரு கணம் நிறுத்துகிறவர்கள். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன்.

"எனி குவெஸ்சன்ஸ்?" என்று நீ சிரித்துக்கொண்டே கேட்டாய். கடைசி வரிசையில் ஒருவர் கை தூக்கினார்.

"தம்பி, பன்னிரண்டாம் வகுப்பில உமக்கு என்ன ஸ்கோர் வந்தது? எங்கட மகள் இந்த வருசம் எடுக்கிறா, அதுக்காகத்தான் கேட்டனான்."

மண்டபம் மறுபடி சிரித்தது. நீ பணிவாகப் பதில் சொன்னாய். "வேறு கேள்விகள்?" என்று தமிழிலும் கேட்டுவிட்டு, என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாய். என் வலது கை மடியிலிருந்த கடதாசித் தட்டுக்கு அடியில் இருந்தது. தட்டில் ஒரு வடை. அந்தக் கையை நான் தூக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த காலம் முழுவதும் நான் கேட்காமல் விட்ட கேள்விகளோடு அதையும் வைத்துக்கொண்டேன்.

காரில் வரும்போது, ஸ்பிரிங்வேல் ரோட்டில் சிவப்பு விளக்கில் நின்றபோது, பின் சீட்டிலிருந்து ஒரு சின்ன முயற்சி செய்தேன்.

"தம்பி, உந்த மொறால் எண்டு சொன்னியே, அது ஆருடையது?"

"ஆருடையதும் இல்லை அம்மா. இட்ஸ் எ கான்செப்ட். பொதுவாச் சனத்தின்ர மனநிலை."

"அதை உடைக்கிறதெண்டா எப்பிடி?"

"அதான் அம்மா, அவையள் நினைச்ச மாதிரி நடக்கேல்லை. தியறி பிழை. ஆனா தே வேர் மென் ஆஃப் தெயர் டைம். நாங்கள் இப்ப இருந்துகொண்டு அவையளை ஜட்ஜ் பண்ணேலாது."

"பிள்ளை களைச்சுப்போனான். விடும்" என்றார் அப்பா. பச்சை விழுந்தது. நான் விட்டேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டோம். நீ பிறந்த அன்றைக்கே நானும் அப்பாவும் பேசி முடிவெடுத்தோம்: இவன் காதில் அந்தக் கதைகள் விழக் கூடாது. இவன் நீச்சலும் கிரிக்கெட்டும் கணக்கும் பழகட்டும். எங்களுக்குத் தெரிந்த எல்லா வீடுகளிலும் அப்படித்தான் முடிவெடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அறைக்குள் வந்தால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவோம். வீட்டு விலை, பள்ளிக்கூட எல்லை, கோயில் தேர். அதை அன்பு என்று நினைத்தோம். அதன் விளைவுதான் அந்த மண்டபம்.

இனி நான் சொல்லப் போவதை உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு முன்பே இதை ஒரு முன்பின் தெரியாத வழக்கறிஞருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளருக்கும் சொல்லியிருக்கிறேன். இந்த நாட்டில் இருக்க அனுமதி கேட்டபோது சொல்ல வேண்டியிருந்தது. தட்டச்சு செய்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏதோ ஒரு அலுவலக அலமாரியில் அது இருக்கிறது. பழைய கோப்புகளைத் தேடி நீ கான்பராவுக்கு இரண்டு முறை போனாய். இதைத் தேடவில்லை. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

வரவேற்பறையில் மாலை போட்டு ஒரு படம் இருக்கிறதே, உன் பெரியம்மா, என் அக்கா வதனி. அவளுக்கு ஒவ்வொரு வருடமும் நான் சமைத்துப் படைப்பேன், நீ வடையை எடுத்துக்கொண்டு ஓடுவாய். ஏழு வயதில், "பெரியம்மா எப்பிடிச் செத்தவ?" என்று கேட்டாய். "காய்ச்சல்" என்றேன். பத்தாம் வகுப்பில் குடும்ப மரம் வரைந்து கொண்டுபோகச் சொன்னபோது, வெறும் காய்ச்சல் என்றால் ஆசிரியர் கேள்வி கேட்பார் என்று நீயாகவே அதில் டெங்கு என்று எழுதினாய். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான்தான் ஒட்டினேன். இரண்டு வருடம் அது அங்கே தொங்கியது.

வதனிக்குக் காய்ச்சல் வரவில்லை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினைந்து. எங்கள் முற்றத்தில் பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட பதுங்குகுழி. விமானச் சத்தம் கேட்டால் உள்ளே போவோம். சத்தத்தை வைத்து எந்த விமானம் என்று சொல்வதில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், நான்தான் கெட்டிக்காரி. வாய் பேசாத பிள்ளைக்குக் காது கூர்மை என்று அயலவர்கள் சொல்வார்கள். குண்டு போடும் பொம்மர் வந்தால் வானம் கிழிகிற மாதிரி ஒரு கீச்சல். சாமான் ஏற்றும் விமானம் என்றால் கனமாக, இழுத்து இழுத்து வரும். பொம்மர் என்றால் எல்லோரும் உள்ளே. சாமான் விமானம் என்றால் வெளியே நின்றே பார்ப்போம். அன்றைக்குக் காலை பத்து மணியிருக்கும். குழிக்குள் ஆறேழு பேர். குசினி அடுப்பில் சோறு.

"அக்கா, உது பொம்மர் இல்லை. சாமான் பிளேன்."

"உண்மையாவோ? வடிவாக் கேட்டனியோ?"

"எனக்குத் தெரியும்தானே. சத்தத்தைக் கேளுங்கோ, இழுத்து இழுத்து வருது."

"அப்ப நான் சோத்தை இறக்கிப்போட்டு வாறன். அடிப்பிடிச்சா அம்மா உன்னைத்தான் பேசுவா."

நான் சொன்னது சரி. அது சாமான் விமானம்தான். என் காது பிழைக்கவில்லை. எங்களுக்குத் தெரியாதது ஒன்றுதான்: அரசாங்கப் படைக்காரர்கள் சாமான் விமானத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பீப்பாய்களில் வெடிமருந்தை நிரப்பி, காலால் உருட்டி விடத் தொடங்கியிருந்தார்கள். ஒன்று எங்கள் ஒழுங்கையில் விழுந்தது. குசினிச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. இதற்கு மேல் உனக்கு எழுதமாட்டேன். மண்டபத்தில் நீ கையை வீசிக் காட்டியபோது, சிரித்தவர்கள் மத்தியில் உன் அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று நீ கவனித்திருந்தால், அது இதனால்தான்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி அம்மா என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். முன்னுரையிலும் எழுதியிருக்கிறாய். அதையும் எடுத்துவிடு. முதல் ஆளாக வேண்டியிருந்த வதனிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது, விஞ்ஞான பீடம். எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தவள் அவள். அவளுடைய இடத்தில்தான், பத்து வருடம் பிந்தி, மூன்று வயதுப் பிள்ளையான உன்னைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, கிளேட்டன் வளாகத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் படித்தேன். ஒரு நாளும் கை தூக்காமல் படித்தேன். தெரியும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு நான் பட்டது போதும் என்று இருந்தேன். என்னைக் கூச்சக்காரி என்கிறார்கள். கூச்சம் பிறவியிலேயே கொஞ்சம் இருந்தது. மிச்சம் அந்தக் குழிக்குள் வந்தது.

இப்போது உன் மொறாலுக்கு வருகிறேன். உன் ஆட்கள் எதிர்பார்த்தபடி நாங்கள் யாரிடமும் கெஞ்சவில்லை. யாரிடம் போய்க் கெஞ்சுவது? எங்கள் பேச்சை யார் கேட்டார்கள்? மறுநாள் ஒழுங்கையைக் கூட்டினோம். பக்கத்து வீட்டில் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். ரியூட்டரி வகுப்புகள் திறந்தபோது நான் கணிதம் படிக்கப் போனேன். சிலர் முன்பைவிட மூர்க்கமாக வெறுத்தார்கள். சிலர் கடல் கடந்தார்கள். நீ சொன்னது சரி, தியறி பிழை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் கழித்து மல்கிரேவில் ஒரு மண்டபத்தில் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோமே, அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை உடைந்துதான் போனோமோ? தங்கள் தலையில் விழுந்த ஒன்றை நல்ல ஆங்கிலத்தில், வட்டமும் அம்புமாகப் போட்டுக் காட்டினால், பிள்ளை கெட்டிக்காரன் என்று மட்டும் சொல்லத் தெரிந்த சனங்களுக்கு வேறு என்ன பெயர்?

உன் மீது எனக்கு எதற்குக் கோபம் என்று நீ கேட்பாய். சொல்லாத விஷயத்தை நான் எப்படி அறிவேன் என்பாய். அது நியாயம்; அந்தப் பங்கு என்னுடையது, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உன் பங்கு ஒன்று இருக்கிறது. எங்கள் நாட்டில் போர் நடந்தது என்பது உனக்குத் தெரியும். விமானத்துக்குக் கீழே இருக்கும் சனங்களின் மனநிலையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினாய். ஓய்வுபெற்ற விமானிகளைத் தேடிப் போய் மணிக்கணக்காகப் பேசினாய். விமானத்துக்குக் கீழே இருந்த இருவர் உனக்கு ஒவ்வொரு ஞாயிறும் சோறு போட்டார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் அழுவோம் என்று பயந்தாயா, அல்லது எங்களுக்குத் தெரிந்தது ஆராய்ச்சி ஆகாது என்று நினைத்தாயா? உன் புத்தகத்தின் பின்பக்கத்துப் பெயர் அட்டவணையை நேற்று விரல் வைத்துப் பார்த்தேன். தளபதிகள், விமானிகள், அமைச்சர்கள், விமானம் செய்தவர்கள், விமானங்களுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. கீழே நின்றவர் ஒருவருக்கும் பெயர் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து 'எம்' வரிசையில் ஒரே ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்: மொறால்.

நீ கெட்டவன் இல்லை. அவர்களும் கெட்டவர்களாகத் தொடங்கவில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தனியாக நிற்க ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைக்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் காரணம் யார் தலையில் விழும் என்று குனிந்து பார்க்கவில்லை. நீயும் இப்போது தனியாகப் போகிறாய். போ. நான் தடுக்கவில்லை, தடுக்கிறேன் என்று அப்பாவிடம் போய்ச் சொல்லாதே. அங்கே உன்னைச் சுற்றி நல்ல ஆங்கிலம் பேசும் நல்ல மனிதர்கள் இருப்பார்கள். திரையில் வட்டமும் அம்பும் போடுவார்கள். நடுவிலிருக்கும் சொல் யாருடையது என்று கேட்க அந்த அறையில் ஒருவராவது இருக்க வேண்டும். அது நீயாக இரு. உன் அம்மாவைப் போலத் தட்டுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு இருக்காதே.

சமர்ப்பணப் பக்கத்தைப் பற்றி என் முடிவு இது. என் பெயரை இன்றைக்கே எடுத்துவிடு. அந்தப் பக்கம் சனிக்கிழமை வரை வெறுமையாக இருக்கட்டும். சனிக்கிழமை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வா. உன் நான்காம் அத்தியாயத்தை, அந்தக் கிராமங்களை மேலிருந்து அடக்கி ஒரு படை தன்னைக் காப்பாற்றிக்கொண்ட அத்தியாயத்தை, அச்செடுத்துக்கொண்டு வா. வரவேற்பறையில் வதனியின் படத்துக்கு முன்னால் மூன்று கதிரை போட்டு வைப்பேன். மலர் அன்ரியையும் கூப்பிடத்தான் நினைத்தேன். வேண்டாம், நாங்கள் மூவரும் வதனியும் போதும். நின்றுகொண்டு, அன்றைக்கு மண்டபத்தில் பேசிய அதே குரலில், அவளுக்கு அதை முழுவதும் வாசித்துக் காட்டு. ஒரு இடத்திலும் உன் நாக்குத் தடுக்காவிட்டால், அப்படியே அச்சுக்கு அனுப்பு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தடுக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுவை. அங்கேயிருந்து திரும்ப எழுது. அந்த அத்தியாயத்தில் கீழே நின்ற ஒருவருக்காவது பெயர் வந்த பிறகு, என் பெயர் இருந்த இடத்தில் அவளுடைய பெயரைப் போடு. யாராவது எப்படி இறந்தார் என்று கேட்டால், டெங்கு என்று சொல்லாதே.

வாசித்து முடித்ததும், வழக்கம்போலக் கேள்: "எனி குவெஸ்சன்ஸ்?" இந்த முறை நான் கை தூக்குவேன்.